சனிக்கிழமை அறை

தாயில்பட்டி
24 ஜூன் 2024

பயம் என்று சொல்ல முடியாது, அக்கா. கூச்சமும் இல்லை. திரையின் மேல் ஓரத்தில் 'இந்த அறையில் ஒலிப்பதிவு நடக்கிறது' என்று வந்தது. நான் மொழிபெயர்த்த வரி அது. நாம் சேர்ந்து வாசிக்கும் இந்த மென்பொருளின் இருநூற்றுப் பதினான்கு வரிகளையும் தமிழில் தர முடியுமா என்று ஏப்ரலில் நீ கேட்டாயே, அன்றைக்கே எழுதியது. என் சொற்களே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூச்சு பாதியில் நின்றுவிட்டது. அதைத்தான் நீ, ஏன் திடீரென்று தட்டையாக வாசிக்கிறாய் என்று கேட்டாய்.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். பெரியம்மாவின் மூட்டுவலி எப்படி? நானும் அம்மாவும் நலம்.

மற்றதெல்லாம் நீ சொன்னபடிதான் செய்கிறேன். வைஃபை இல்லை, கேபிள். காதை முழுக்க மூடும் ஹெட்போன். என் புல்லாங்குழலை நேராகக் கேட்காமல், பெங்களூருக்கு உன் கணினிவரை போய்த் திரும்பி வருவதைக் கேட்டு வாசிக்கிறேன். முப்பத்தொரு மில்லி விநாடி. என் மூச்சு எனக்கே கொஞ்சம் பிந்தி வருகிறது. பழகிவிடும்.

போன சனிக்கிழமை அம்மாவின் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. அம்மா வீட்டில் இருந்தாள். உன் கீபோர்டு அவளுக்குக் கேட்காது.

"என்ன பிள்ள, பாதி வாசிக்கே, பாதி சும்மா இருக்கே. மிச்சத்த யாரு வாசிக்கா?"

"சினேகாக்கா."

"அவ பெங்களூர்ல இருக்கால்லா?"

"அங்கன இருந்துதான்."

"நல்லா இருக்கு. அவ பாதிய அவ ஆத்தா கேக்கா. ஒம் பாதி என் தலையெழுத்து."

ஒலிப்பதிவு மட்டும் வேண்டாம், அக்கா.

பெரியம்மாவுக்கு என் அன்பு.
வாணி


பெங்களூரு
29 ஜூன் 2024

அன்பு வாணி,

அம்மா மூட்டுக்குத் தைலம், எனக்குத் திட்டு. இரண்டும் குறைவில்லாமல் நடக்கிறது. சின்னம்மா சொன்னதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "சின்னத்தாய்க்கு வாய் மட்டும் கூடிக்கிட்டே போகுது" என்றாள்.

ஒலிப்பதிவு விஷயம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அந்த வரி உன் கண்ணில் படாது. அது பயிற்சிக்காகத்தான் ஓடியது. நம் அறைக்கு 'சனிக்கிழமை' என்று பெயர் வைத்திருக்கிறேன். காலை பத்து மணி. நானும் நீயும் தவிர யாரும் உள்ளே வர முடியாது.

நீ எதையும் என் வாய்ச்சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை, வாணி. எனக்கு இந்த மென்பொருள் பிடித்ததே அதனால்தான். நிரல் திறந்து கிடக்கிறது. எந்த வரியை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று பெயரோடு இருக்கும். நம் அறைக்காக நான் எடுத்து வைத்திருக்கும் பிரதியும் அப்படித்தான் பொதுவில் இருக்கிறது. நம் குடும்பத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

நீ இயல்பாக வாசி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.
சினேகா


தாயில்பட்டி
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? இங்கே தீபாவளி சீசன். அம்மா ஏழு மணிக்கே போய்விடுகிறாள். கைவிரல் இடுக்கில் பட்டாசுக்கு அடைக்கும் மணி மருந்தின் நிறம் போகவில்லை. மற்றபடி சுகம்.

பக்கத்து வீட்டு ரோஜா உனக்கு நினைவிருக்கும். முத்துப்பேச்சி அத்தை மகள். இப்போது சிவகாசியில் பிரஸ்ஸில் வேலை. நேற்று சுவருக்கு மேலாகத் தலையை நீட்டிக் கேட்டாள்: "ஏ வாணி, நீ வாசிக்கது கல்யாண வீட்டுக்கா எழவு வீட்டுக்கா? ஒண்ண முடிவு பண்ணிட்டு வாசி பிள்ள." அத்தை உள்ளே இருந்து, "அவ வாசிச்சா எனக்கு ஒறக்கம் நல்லா வருது, நீ சும்மா கெட" என்றாள். பாராட்டுத்தான்.

அத்தையும் அம்மாவும் ஒரே கம்பெனி, வேறு வேறு ரூம். ஒரே வேனில் போகிறார்கள்.

உன்னிடம் சொல்ல நினைத்தது இது. வாசித்து முடித்த பிறகு மைக்கை மூடாமல் பேசுகிறோமே, அதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். வீட்டில் பதில் சொல்கிறேன். பேசுவது அந்த அறையில் மட்டும். மதியம் தீயணைப்பு வண்டிச் சைரன் கேட்டால் எந்தக் கம்பெனியோ என்று பயந்து வாசலுக்கு ஓடுவேன் என்று உன்னிடம் சொன்னதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அங்கே சொன்னது அங்கேயே காற்றாகப் போய்விடுகிறது என்பது பெரிய ஆறுதல்.

பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்.
வாணி


தாயில்பட்டி
2 அக்டோபர் 2024

அக்கா,

நீயும் பெரியம்மாவும் நன்றாக இருக்க வேண்டும். அம்மா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பதினொரு நாள் ஆகிறது. போனில் அழுதேனே தவிர ஒன்றும் சொல்லவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

21ஆம் தேதி. 10:42. நான் மேல் ஸ்வரத்தில் நின்றிருந்தேன். ஹெட்போனுக்கு வெளியே ஏதோ தள்ளியது. சத்தம் பிறகுதான். சன்னல் சட்டம் உதறியது. கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு வந்தேன். மேற்கே புகை. எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. பிறகு அம்மாவின் கம்பெனிப் பக்கமிருந்து முனியசாமி மாமா வண்டியில் வந்தார். எந்த ரூம் என்று சொன்னார். ஓடினேன்.

எட்டாம் நம்பர் ரூம். நான்கு பேர். முத்துப்பேச்சி அத்தை அதில் ஒருத்தி.

அம்மா கேட்டுக்கு வெளியே நின்றாள். ஒரு செருப்போடு. என்னைப் பார்த்து, "குழல எங்க பிள்ள வச்ச, தரையில போட்டியா" என்று கேட்டாள்.

ரோஜா பிரஸ்ஸிலிருந்து வந்து சேர ஒன்றரை மணி ஆகிவிட்டது. அதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் வருகிறது. நான் அவள் கூடவேதான் இருக்கிறேன். அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான் எதையும் அணைக்காமல் ஓடினேன். மைக் சன்னல் பக்கம்தான் இருந்தது. உன் பக்கம் என்ன கேட்டது? எதுவரை கேட்டது?

தெரிந்தால் எழுது.
வாணி


பெங்களூரு
13 அக்டோபர் 2024

என் வாணிக்கு,

உனக்கும் சின்னம்மாவுக்கும் எந்தக் குறையும் வரக் கூடாது என்று அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள். முத்துப்பேச்சி பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். இரண்டு பேரும் ஒரே ரூமில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர்கள்.

நீ கேட்டதற்கு: வெடித்த நொடியே இணைப்பு அறுந்துவிட்டது. 'டப்' என்று ஒன்று. பிறகு வெறும் அமைதி. உனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கவலைப்படாதே.

எப்போது வாசிக்கத் தோன்றுகிறதோ அப்போது வா. அறை திறந்தே இருக்கும்.

நிறையத் தண்ணீர் குடி. தூங்கு.
சினேகா


கொலோன்
9 மார்ச் 2025

அன்பு வாணி,

இங்கே ஜெர்மனியில் குளிர் விடவில்லை. உதடு வெடித்திருக்கிறது. அதைத் தவிர நலம். அங்கே வெயில் தொடங்கியிருக்கும். சின்னம்மா நாரணாபுரத்துக் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக அம்மா சொன்னாள். அவ்வளவு தூரம் வேனில் ஒத்துக்கொள்கிறதா?

போன மாதம் இங்கிருந்து உன்னோடு வாசித்துப் பார்த்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நூற்று எழுபது மில்லி விநாடி. நீ எனக்காகக் காத்தாய், நான் உனக்காகக் காத்தேன். இருவரும் மெதுவாகி மெதுவாகி ஓரிடத்தில் நின்றே போனோம்.

என்னை இங்கே கொண்டுவந்த இசை உதவித்தொகை ஜூனில் முடிகிறது. அதற்குள் நாற்பது நிமிட ஒலிப் படைப்பு ஒன்றை ஒரு விழாவில் தர வேண்டும். பெயர் 'தொலைவு'. அதை ஏற்றுக்கொண்டால் இன்னும் இரண்டு வருடம் இங்கே இருப்பேன். இல்லாவிட்டால் திரும்பி வந்து பழைய அலுவலகத்தில் பழைய நாற்காலி. எட்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன், வாணி. உனக்குத் தெரியும்.

அதில் ஓரிடத்தில் உன் புல்லாங்குழல் வருகிறது. குரலோ வாசிப்போ கேட்கிற எல்லோரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று விழாக்காரர்கள் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். இணைத்திருக்கிறேன். ஒரு கையெழுத்து, படம் பிடித்து அனுப்பினால் போதும். ஏப்ரல் 30 கடைசி நாள்.

சின்னம்மாவுக்கு முத்தம்.
சினேகா


தாயில்பட்டி
16 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உதட்டுக்கு வெண்ணெய் தடவு. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா வேனில் உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

உன் படைப்பில் என் குழல் வருகிறது என்பதில் மகிழ்ச்சி. எந்தக் குழல்? நான் எதுவும் உனக்குப் பதிந்து அனுப்பியதில்லையே.

நல்ல செய்தி வரட்டும்.
வாணி


கொலோன்
20 மார்ச் 2025

அன்பு வாணி,

நலம், உன் நலம் எழுதியதற்கு நன்றி. ஓட்டத்தில் எழுதுகிறேன். அது பழைய பயிற்சித் துண்டு. முதல் சில வாரங்களில் ஒலிப்பதிவு ஓடியதே, அதிலிருந்து. ஒரு நிமிடம்கூட வராது. நீ அதில் அழகாக வாசித்திருக்கிறாய்.

படிவத்தை மறந்துவிடாதே.
சினேகா


தாயில்பட்டி
6 ஏப்ரல் 2025

அக்கா,

நலம். நலம்தானே?

நீ சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். நம் அறைக்காக நீ வைத்திருக்கும் பிரதியைத் திறந்து, மாற்றங்களின் பட்டியலைப் பார்த்தேன். எனக்கு நிரல் தெரியாது. மொழிபெயர்த்ததால் என் வரிக்கு எந்த எண் என்று மட்டும் தெரியும். ஐம்பத்தெட்டு. அந்த எண்ணைத் தேடினேன்.

6 ஜூலை 2024. சனிக்கிழமை. காலை 9:51. மாற்றியவர்: சினேகா. காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய், 'அறிவிப்பு வாசிப்பவரைக் கலைக்கிறது, காட்ட வேண்டாம்' என்று. நீக்கியது ஒரே வரி. ஒலிப்பதிவை நீக்கவில்லை. ஒலிப்பதிவு நடக்கிறது என்று எனக்குச் சொல்வதை நீக்கியிருக்கிறாய். ஒன்பது நிமிடம் கழித்து நான் உள்ளே வந்து, "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டிருப்பேன்.

அந்த வரி வரவில்லை. அதனால் நடக்கவில்லை என்று நம்பினேன். என் மொழிபெயர்ப்பு என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

பிறகு விழாவின் பக்கத்துக்குப் போனேன். 'தொலைவு' முன்னோட்டம், மூன்று நிமிடம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டேன்.

என் குழல். அது. சன்னல். என் செருப்பு. வண்டி. முனியசாமி மாமா.

"ஏ வாணி! எட்டாம் நம்பர் ரூமு! முத்துப்பேச்சி ரூமு!"

"அம்மா அங்கன இல்லைல்லா?"

"ஒங்கம்மா கேட்டுக்கிட்ட நிக்கா."

"அப்ப சரி."

அப்ப சரி.

உன் கீபோர்டு அதற்குப் பிறகு வருகிறது. அந்த இரண்டு சொல்லை நீ திரும்பத் திரும்ப ஓட விட்டிருக்கிறாய், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சுருதியோடு. பதினொரு முறை எண்ணினேன்.

அக்டோபரில் உன்னிடம் கேட்டது இதைத்தான். இதை மட்டும்தான். நான் சொன்னதை யாராவது கேட்டார்களா என்று. அறுந்துவிட்டது என்றாய். கவலைப்படாதே என்றாய். கவலையாக இருக்கிறது என்று நான் எழுதவே இல்லை.

அன்றிலிருந்து நான் ரோஜாவுக்குத் தலை வாருகிறேன்.

உன் நலம் விரும்பும்
வாணி


கொலோன்
8 ஏப்ரல் 2025

வாணி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

பொய் சொன்னேன். இணைப்பு அறவில்லை. நீ ஓடிய பிறகு இருபத்தாறு நிமிடம் உன் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. யாரோ தெருவில் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார்கள். உனக்குப் போன் அடித்துக்கொண்டே அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அழிக்கத்தான் திறந்தேன். முடியவில்லை. நான் வாழ்நாளில் கேட்டவற்றில் அதுதான் நிஜம். நீ நினைப்பது போல அது அசிங்கமானது இல்லை, வாணி. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அதைச் சொல்லத்தான் அந்த நாற்பது நிமிடமும்.

முதலில் பதிந்தது நீ நன்றாக வாசிப்பதற்காக. பதிவு தெரிந்தால் நீ வேறு ஆள் ஆகிவிடுகிறாய். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாள் போய்விட்டது.

எனக்கும் அது ஊர்தான். என் அம்மாவும் அந்த ரூம்களில் பதினேழு வருடம் இருந்தாள். நானும் சைரனுக்குப் பயந்து வளர்ந்தவள். உனக்கு மட்டும் உரியது போலப் பேசாதே.

கேட்பவர்கள் யாருக்கும் இங்கே தமிழ் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு குரல், அவ்வளவுதான். ரோஜா எங்கே இதைத் தேடிக் கேட்கப் போகிறாள்?

கையெழுத்து இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். யோசி.

உடம்பைக் கவனி.
அக்கா


தாயில்பட்டி
27 ஏப்ரல் 2025

சினேகா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

'ரோஜா எங்கே கேட்கப் போகிறாள்' என்ற வரியைப் பத்து நாள் படித்தேன். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது என்பதுதான் கஷ்டம். அவள் கேட்காமலே போகலாம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொடர்ந்து தலை வாரலாம். போடாமலும் தொடர்ந்து வாரலாம். எப்படிப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஜெர்மனியில் முந்நூறு பேருக்கு, புரியாமல், தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ரோஜாவிடம் போய்ச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மா ரூமுன்னு மாமா சொன்னதுக்கு அப்புறமா சொன்ன?"

"ஆமா."

"முன்னாடி இல்ல?"

"அப்புறம்தான்."

கத்தியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. பிறகு அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தச் சத்தம் அதுல இருக்கா?"

"எந்தச் சத்தம்?"

"வெடிச்ச சத்தம். ஊருல எல்லாரும் கேட்டிருக்கீக. வெம்பக்கோட்டை வரைக்கும் கேட்டுச்சுங்காக. நான் பிரஸ்ல இருந்தேன். மிசின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்குக் கேலண்டர் ஆர்டர். எனக்கு ஒண்ணும் கேக்கல. அம்மா போன நேரத்துல நான் தாளு எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்."

"இருக்கு, ரோஜா."

"ஒங்க அக்கா கேட்டுட்டா. நீ கேட்டுட்ட. அங்கன இருக்க வெள்ளக்காரனெல்லாம் டிக்கெட் வாங்கிக் கேக்கப்போறான். நான் கேக்கல." பிறகு சொன்னாள்: "ஒன் பேச்சு எனக்குப் பெருசில்ல, வாணி. அதுக்கு அப்புறம் பேசிக்கிடுவோம். பேசாமயும் போகலாம். எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

நான் இந்த ஏழு மாதமும் அதில் என் இரண்டு சொற்களை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ உன் நாற்பது நிமிடத்தை நினைத்தாய். யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. நீ செய்ததை இது குறைக்காது. என் பங்கை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடவில்லை. ஒப்புதல் இல்லை என்று விழாக்காரர்களுக்கு நேற்று நானே எழுதிவிட்டேன், எந்தத் தேதியில் எப்படிப் பதிந்தது என்பதோடு. உனக்குத் தெரியாமல் எழுதினேன் என்று இருக்க வேண்டாம் என்பதால் அந்தக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

21ஆம் தேதிப் பதிவு முழுவதையும் எனக்கு அனுப்பு. வெட்டாமல், உன் கீபோர்டு இல்லாமல். அந்த இருபத்தாறு நிமிடத்தோடு. தெருவில் பெயர் சொல்லிப் போனவர்களையும் சேர்த்து. அனுப்பிவிட்டு உன்னிடம் இருப்பதை அழி. அழித்தாயா என்று நான் பார்க்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக் கை போகிறது. எழுதுகிறேன். பார்த்துக்கொள்.

இசைவாணி


மே 8ஆம் தேதி ஒலிக்கோப்பு வந்தது. கடிதம் எதுவும் கூட வரவில்லை. இசைவாணி அதைத் திறந்து பார்க்கவில்லை. போனில் ஏற்றிக்கொண்டாள். ரோஜா வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, பக்கத்து வீட்டுக்குப் போய், போனை அவள் கையில் கொடுத்தாள். எந்த இடத்தைத் தொட்டால் ஓடும் என்று காட்டினாள். எந்த இடத்தில் தன் குரல் வரும் என்றும் சொன்னாள். பிறகு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, தெருவில் நின்றாள்.